சிவப்புக் கோட்டு மாணவி

மருத்துவக் கல்லூரியில் சேர எத்தனை வழி இருக்கிறது என்று சேர்க்கை அலுவலகத்தில் போய்க் கேட்டால், “உங்களுக்கா, பொதுவாவா?” என்று திருப்பிக் கேட்பார்கள். பொதுவாக என்றால் ஏராளம். அவற்றைச் சுவரில் எழுதிப் போட்டபோது ஜனங்கள் நின்று படித்துக் கூட்டம் சேர்த்தார்கள். அதனால் பெரிய ஆஸ்பத்திரிகளில் செய்வதைப் போலத் தரையில் வண்ணக் கோடுகளாக இழுத்துவிட்டார்கள். நீலம் மதிப்பெண் வழி. மஞ்சள் மரபு வழி. பச்சை கருணை வழி. சாம்பல் நிறம் கடல் கடந்த வழி. சிவப்புக் கோடு எதற்கு என்று வாசல் காவலாளிக்கே சரியாகத் தெரியாது. “அதுல போறவங்க வீட்டுப் பெரியவங்களைக் கூட்டிக்கிட்டுப் போறாங்க. வரும்போது அவங்களைப் பத்திரமா கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வர்றாங்க. அவ்வளவுதான் தெரியும்,” என்றார்.

கண்டக்டரம்மாவுக்கு வழிகள் புதிதல்ல. பாதி ஆயுளை நகரப் பேருந்தில் நின்றே கழித்தவள். எந்த பஸ் எந்தத் தெருவில் திரும்பும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். கணவன் வேறு ஊரில் வேறு குடும்பத்தோடு சௌக்கியமாக இருந்தான். இவளுடைய குடும்பம் என்பது ஒரே மகளும், கூடவே இருந்த அண்ணனும்தான். அண்ணன் வீடு மாற்றும் வண்டியில் சுமை தூக்கியவர். ஊரில் பாதிப் பேரின் பீரோக்கள் அவர் முதுகில்தான் மாடி ஏறியிருந்தன. அதனால் தெருப் பிள்ளைகளுக்கு அவர் பீரோ மாமா. பீரோக்கள் அவருக்குக் கொடுத்த பிரதிபலன் அடிவயிற்றில் ஒரு குடலிறக்கம். இருமினால் புடைக்கும், படுத்தால் உள்ளே போய்விடும். அறுவை சிகிச்சைக்குப் பெயர் கொடுத்துவிட்டு, அந்தக் கல்லூரியின் ஆஸ்பத்திரி கூப்பிடும் என்று காத்திருந்தார்.

மகள் படிப்பில் கெட்டி. அதைவிட, நோயைக் கண்டுபிடிப்பதில் கெட்டி. வீட்டுக்காரர் தண்ணீர் குடிக்கிற வேகத்தைப் பார்த்தே அவருக்குச் சர்க்கரை என்று சொன்னாள். அது உண்மையாகிவிட்டதால் அவர் வாடகையை உயர்த்தினார். போன வருடமும் அவள் கல்லூரிக்கு முயன்று பார்த்துவிட்டாள். இந்த வருடமும் விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். அப்புறம் எந்தக் கோட்டின் மேல் நடந்தும் பயனில்லை. கண்டக்டரம்மாவுக்கு இரவும் பகலும் அதுதான் நினைப்பு.

முதலில் நீலக் கோட்டின் மேல் நடந்தார்கள். மகளின் மதிப்பெண்ணுக்கு வேறு கோடு எதற்கு என்றுதான் இருவரும் நினைத்தார்கள். கோடு நீண்ட நடைவழியைக் கடந்து, சிற்றுண்டிச் சாலையை ஒட்டி வளைந்து, படியேறி, மேல்மாடியில் ஒரு சுவருக்குள் போய் முடிந்தது. பூச்சு ஈரம் காயாத சுவர். அதன் அருகில் நாற்காலி போட்டு ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருந்தார்.

“சார், கோடு சுவத்துக்குள்ள போகுது.”

“கோடு சரியாத்தான் இருக்கும்மா. சுவர்தான் அப்புறம் வந்தது.”

“சுவத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?”

“மதிப்பெண் வழி அலுவலகம். ஆளுங்களும் இருக்காங்க. அவங்களாலயும் வெளிய வர முடியல, பாவம். சம்பளம் மட்டும் ஒழுங்கா போய்க்கிட்டு இருக்கு.” அவர் மகளின் மதிப்பெண் பட்டியலை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். கண்கள் பனித்தன. “மார்க்குக்கு இந்தக் கல்லூரியில இருக்கிற மரியாதை வேற எங்கயும் கிடையாதும்மா. அதனாலதான் அதை நாங்க எதுக்கும் பயன்படுத்துறதில்லை.”

மஞ்சள் கோடு பளபளப்பான தரையில், இருபுறமும் பூந்தொட்டிகளோடு போனது. அதன் முடிவில் இருந்த அதிகாரி அம்மாள் அவர்களை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, “அப்பா டாக்டரா?” என்று கேட்டார். இல்லை. “தாத்தா?” இல்லை. “சித்தப்பா, பெரியப்பா, யாராவது?” கண்டக்டரம்மா யோசித்துப் பார்த்து, தன் அண்ணன் ஒரு டாக்டர் வீட்டு பீரோவை மாடிக்குத் தூக்கிய கதையைச் சொன்னாள். அதிகாரி அம்மாள் அதைத் தட்டிக் கழிக்கவில்லை. “எத்தனாவது மாடி?” என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு உதட்டைப் பிதுக்கினார்.

“தப்பா நினைச்சுக்காதீங்க. டாக்டர் வீட்டுப் பிள்ளைங்களுக்கு ஒரு தகுதி பிறவியிலயே இருக்கு. வாசல்ல நோயாளிங்க மணிக்கணக்கா காத்துக்கிட்டு இருக்கிறதைச் சின்ன வயசுலேர்ந்தே பாத்திருப்பாங்க. அதனால வளந்தப்புறம் அது அவங்க மனசைத் தொந்தரவு பண்ணாது. உங்க பொண்ணுக்கு அந்தப் பயிற்சி இல்லையே.”

பச்சைக் கோட்டில் கருணைத் தேர்வு. திரை கட்டிய அறையில் கட்டில் போட்டு, கூலிக்கு நோயாளியாக நடிக்கும் ஒருவரைப் படுக்க வைத்திருந்தார்கள். எதிரே நடுவர்கள். மாணவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போய்க் கட்டிலருகே நின்று உருக வேண்டும். கண்ணுக்குக் கீழே ஒட்டிய காகிதம் எவ்வளவு ஈரமாகிறதோ அவ்வளவு மதிப்பெண். முன்னால் போன பையன் கதவைத் திறக்கும்போதே விசும்பத் தொடங்கிவிட்டான். அதற்குப் பயிற்சி வகுப்புகள் இருந்தன. மகள் உள்ளே போனாள். “எங்க வலிக்குது?” என்று கேட்டாள். வயிற்றை அழுத்திப் பார்த்தாள். “கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?” என்றாள். நடிகர் வேலை நேரத்தில் உண்மை பேசக்கூடாது என்பதை மறந்து, “நேத்து மத்தியானம்” என்று சொல்லிவிட்டார். “இது வெறும் வயித்து வலி. முதல்ல எழுந்து போய்ச் சாப்பிடுங்க,” என்றாள் மகள். அவரும் போய்விட்டார். அடுத்து வந்தவர்கள் காலிக் கட்டிலைப் பார்த்து அழ வேண்டியதாயிற்று.

தலைமை நடுவர் கண்டக்டரம்மாவைத் தனியே கூப்பிட்டு வருத்தத்தோடு சொன்னார். “நோயாளிக்கு என்னன்னு கண்டுபிடிக்கிறதுலயே குறியா இருக்காம்மா உங்க பொண்ணு. கருணைக்கு நேரமே ஒதுக்கல. இப்படிப்பட்டவங்க டாக்டரானா சமுதாயம் என்னத்துக்கு ஆகும்?”

சாம்பல் கோட்டுக்காரர் பனிமலைப் படங்களைக் காட்டினார். வெளிநாட்டில் படித்துவிட்டுத் திரும்பினால் இங்கே ஒரு பரீட்சை எழுத வேண்டுமாம். “அந்தப் பரீட்சையை நம்ம பேராசிரியருங்களே ஒரு தடவை எழுதிப் பாத்தாங்க,” என்று குரலைத் தாழ்த்தினார். “அதுலேர்ந்து அதைப் பத்தி யாரும் பேசறதில்லை.”

மிச்சம் இருந்தது சிவப்பு.

சிவப்புக் கோடு கீழ்த்தளத்துக்குப் போனது. அங்கே குளிர் அதிகம். காத்திருப்பு மண்டபத்தில் சக்கர நாற்காலிகளில் முதியவர்கள் தலைவாரி, சலவை உடையில், புகைப்படத்துக்கு உட்கார்ந்தவர்களைப் போல இருந்தார்கள். அவரவர் பக்கத்தில் பேரனோ பேத்தியோ. ஓர் இரும்புக்கடைக்காரர் மகனின் இடத்துக்காகத் தன் அப்பாவோடு இரண்டு அத்தைகளையும் அழைத்து வந்திருந்தார். “ஒண்ணு போனா இன்னொண்ணு கைவசம் இருக்கணும்ல,” என்று கண்டக்டரம்மாவிடம் சிநேகமாகச் சொன்னார். அத்தைகள் இருவரும் தலையாட்டினார்கள். எதற்கென்று அவர்களுக்குத் தெரிந்திருந்ததாகத் தோன்றவில்லை.

உடற்கூறுத் துறைத் தலைவர் சந்தனம் போன்ற மென்மையான குரல் உடையவர். யாரையும் அவர் ‘சடலம்’ என்று சொல்ல மாட்டார். ‘கொடை’ என்பார்.

“விஷயம் ரொம்ப எளிமையானதும்மா. மேலிடத்துலேர்ந்து ஆய்வுக்கு வந்தாங்க. இத்தனை மாணவருக்கு இத்தனை கொடை மேஜை மேல இருக்கணும்னு விதி. மேஜை இருந்தது. கொடை இல்லை. இடங்களைக் குறைச்சிடுவோம்னாங்க. கல்லூரி யோசிச்சுது. ஒரு குடும்பம் ஒரு கொடை கொடுத்தா, அந்தக் குடும்பத்துக்கு ஒரு இடம். இதுல பணம் கிடையாது, சிபாரிசு கிடையாது. ஏழை பணக்காரன் வித்தியாசமே கிடையாது. எல்லார் வீட்லயும் யாராவது ஒருத்தர் இருக்கத்தானே செய்யறாங்க?”

“எங்க வீட்ல யாரும் சாகலையே சார்,” என்றாள் கண்டக்டரம்மா.

“அதுக்கென்னம்மா. நாங்க யாரையும் அவசரப்படுத்துறதில்லை. கடைசித் தேதியை மட்டும் சொல்லுவோம்.”

தேதியும் உடனே இல்லை என்று அவர் விளக்கினார். பெயரைப் பதிந்துவிட்டால் மாணவிக்குத் தற்காலிக இடம் உண்டு. மறுநாளே வகுப்பில் உட்காரலாம். அறுத்துப் படிக்கும் வகுப்பு தொடங்குவதற்குள் கொடை வந்து சேர்ந்தால் இடம் நிரந்தரமாகும். வராவிட்டால் காத்திருக்கும் வேறொருவருக்குப் போகும்.

கண்டக்டரம்மா பிழை செய்தது இந்த இடத்தில்தான். அது பஸ் கண்டக்டர்கள் மட்டுமே செய்யக்கூடிய பிழை. கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே ஏறிவிட்டவரை நடுவழியில் இறக்கிவிட அவளுக்கு ஒருநாளும் மனம் வந்ததில்லை. திட்டுவாள், முறைப்பாள், ஆனால் இறக்க மாட்டாள். உலகத்தில் எல்லாரும் அப்படித்தான் என்று நம்பினாள். ‘முதல்ல ஏறிக்கட்டும், அப்புறம் யாரு இறக்கிவிடப் போறா’ என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

சொல்லத் தயங்கித் தயங்கி அண்ணனிடம் சொன்னபோது அவர் சிரித்தார். தங்கையை அவர் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்.

“இதுக்கா முகத்தை இப்படித் தொங்கப் போட்டுக்கிட்டு வந்தே? செத்தப்புறம் நான் சும்மாதானே கிடக்கப் போறேன். என் டாக்டரம்மாவுக்கு உதவினா நல்லதுதானே, பாப்பா.”

“மாமா, வேணாம்,” என்றாள் மகள். “இது என்னமோ சரியில்ல.”

“நீ சும்மா இரு. உன்னை மேல ஏத்தி விடறது ஒரு பீரோவை ஏத்துறதைவிடக் கஷ்டமா என்ன?”

பதிவுக்கு முன்னால் அவரைப் பரிசோதித்தார்கள். ஆஸ்பத்திரியில் அத்தனை டாக்டர்கள் ஒரே நேரத்தில் அவரைச் சுற்றி நின்றது அதுவே முதல் முறை. உயரம் நன்று, தசை நன்று, பல் நன்று. அடிவயிற்றுப் புடைப்பைப் பார்த்ததும் துறைத்தலைவரின் முகம் மலர்ந்தது. “அருமையான குடலிறக்கம். புத்தகத்துல இருக்கிற மாதிரியே இருக்கு. மாணவர்களுக்கு இது கிடைக்காது.”

“அதுக்கு ஆபரேஷனுக்குப் பேர் கொடுத்திருக்கேன் சார். அடுத்த மாசம் வரச் சொல்லி இப்பதான் ஆள் வந்து சொன்னாங்க,” என்றார் அண்ணன்.

“அதை ரத்து பண்ணியாச்சு. கொடை முழுசா இருக்கணும். கத்தி படக்கூடாது, தழும்பு கூடாது. உள்ளேயிருந்து எதையும் எடுத்திருக்கக் கூடாது.”

“முடி வெட்டிக்கலாங்களா?”

“தாராளமா. நகமும் வெட்டிக்கலாம். நாங்க ஒண்ணும் கொடூரமானவங்க இல்லை.”

மணிக்கட்டில் ஒரு சிவப்புப் பட்டை மாட்டினார்கள். கழற்ற முடியாத பட்டை. குளிக்கும்போது அதில் தண்ணீர் தங்கி அரிக்கிறது என்று மட்டும் அவர் சில நாள் சொல்லிக்கொண்டிருந்தார். மகள் ஆபரேஷனை ரத்து செய்தது தப்பு என்று வீட்டில் சண்டை போட்டாள். இத்தனை வருடம் தாங்கியது இன்னும் கொஞ்சம் தாங்கும் என்று பெரியவர்கள் இருவரும் அவள் வாயை அடைத்தார்கள். மறுநாள் அவள் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போனாள். அன்று கண்டக்டரம்மா பஸ்ஸில் ஏறியவர்களிடம் எல்லாம், கேட்டவர் கேட்காதவர் என்று பாராமல், “என் பொண்ணு டாக்டருக்குப் படிக்கிறா” என்று சொன்னாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் அதற்கு முன்னால் இருந்ததில்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

கல்லூரியில் மகளுக்குக் கிடைத்த பெயர் ‘சிவப்புக் கோடு’. மரபு வழிப் பிள்ளைகள் முன்வரிசை. கருணை வழிப் பிள்ளைகள் அடுத்த வரிசை. சிவப்புக் கோட்டுப் பிள்ளைகள் கடைசி பெஞ்சில் ஓரமாக உட்கார வேண்டும். தற்காலிகமானவர்கள் நடுவில் உட்கார்ந்தால் எழுந்து போகும்போது மற்றவர்களுக்கு இடைஞ்சல் என்று பேராசிரியர் விளக்கினார். சிவப்புப் பிள்ளைகளிடம் மற்றவர்கள் பரிவோடுதான் இருந்தார்கள். “தாத்தாவுக்கு இப்ப எப்படி இருக்கு?” என்று விசாரிப்பார்கள். “நல்லா இருக்கார்” என்றால், “கவலைப்படாதே” என்பார்கள்.

கல்லூரியிலிருந்து நலம் விசாரிப்பு அலுவலர் என்று ஒருவர் வாரந்தோறும் வீட்டுக்கு வந்தார். பையில் பழங்கள் கொண்டுவருவார். அண்ணனின் நாடியைப் பிடித்துப் பார்ப்பார். சீராக இருக்கும். பெருமூச்சு விடுவார். பழங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

இரும்புக்கடைக்காரருக்கு யோகம் அடித்தது. அப்பா போய்விட்டார். மகனுக்கு இடம் நிரந்தரம். அத்தைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அந்தச் செய்தியை மகள் சாப்பிடும்போது சொல்லவில்லை. ஆனால் அலுவலர் சொன்னார். அதற்குப் பிறகு அண்ணன் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்வதை நிறுத்திவிட்டார்.

“ஏன் அண்ணா, இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ.”

“போதும் பாப்பா. பசியே இல்ல.” பிறகு, யாரோ தெரியாதவர் வீட்டில் தங்கியிருப்பவரைப் போலச் சொன்னார்: “மன்னிச்சுக்கோ. நானும் என்னென்னமோ பாக்கறேன். சளிகூடப் பிடிக்க மாட்டேங்குது.”

“என்ன பேச்சு இது,” என்று கண்டக்டரம்மா கரண்டியைப் பாத்திரத்தில் போட்டுவிட்டு அழுதாள். அழுதது உண்மை. அன்று மாலை அண்ணன் இருமியபோது காது தானாகக் கூர்மையானதும் உண்மை. தன்னையே அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது அவளுக்கு. ஆனால் அடுத்த இருமலுக்கும் காது கூர்மையானது.

அறுத்துப் படிக்கும் வகுப்பு நெருங்கியது. அலுவலர் இந்த முறை பழம் கொண்டுவரவில்லை. அண்ணனை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஐயா, வீட்லயே உக்காந்திருந்தா உடம்பு கெட்டுப் போகும்னு ஜனங்க நினைக்கிறாங்க. எங்க அனுபவத்துல அப்படி இல்லை. உக்காந்திருக்கிறவங்கதான் ரொம்ப நாள் இருக்காங்க. உழைப்பு நல்லது. பழைய வேலைக்குப் போகலாமே. இது துறையோட கருத்து இல்லை, என் சொந்த அபிப்பிராயம்.”

மறுநாள் காலை அண்ணன் வீடு மாற்றும் வண்டியில் ஏறிப் போனார். தங்கையிடம் சொல்லவில்லை. ஒரு குறுகலான படிக்கட்டில் இரும்பு பீரோவைத் தோள் கொடுத்து ஏற்றிக்கொண்டிருந்தபோது, பாதியில் உட்கார்ந்துவிட்டார். கூட இருந்தவர்கள் பீரோவை அவர்மேல் விழாமல் பிடித்துக்கொண்டார்கள். புடைப்பு உள்ளே போகவில்லை. கல்லாக இறுகியிருந்தது. வாந்தி நிற்கவில்லை.

கண்டக்டரம்மா பஸ்ஸைப் பாதியில் விட்டுவிட்டு, தோளில் தொங்கிய பையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தாள். மகள் ஏற்கெனவே அங்கே நின்றிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. அறுவை சிகிச்சை டாக்டர் இளைஞர். வயிற்றைத் தொட்டுப் பார்த்த உடனேயே சொல்லிவிட்டார்.

“குடல் முறுக்கி மாட்டிக்கிச்சு. சின்ன ஆபரேஷன்தாம்மா. சாப்பிடப் போறதுக்கு முன்னாடி முடிச்சிடுவேன்.”

“செய்யுங்க டாக்டர், உடனே செய்யுங்க.”

அவர் அண்ணனின் கையைத் தூக்கிக் காட்டினார். “பட்டை இருக்கே. இவர் அறுவைத் துறைக்குச் சொந்தமில்லை. உடற்கூறுத் துறைக்குச் சொந்தம். இன்னொரு துறையோட பொருளை நான் எப்படி வெட்டறது?”

உடற்கூறுத் துறைத்தலைவருக்கு ஆள் போனது. அந்த ஆஸ்பத்திரியில் கூப்பிட்டவுடன் ஒரு பெரிய டாக்டர் வந்தது அன்றுதான். நாற்காலியை இழுத்துக் கண்டக்டரம்மாவுக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தார். ஒரு தாளையும் பேனாவையும் அவள் மடியில் வைத்தார்.

“கட்டாயம் எதுவும் இல்லைம்மா. எப்ப வேணாலும் விலகிக்கலாம். ஒரு கையெழுத்துதான். போட்டீங்கன்னா பட்டையை வெட்டிடுவோம், இவங்க ஆபரேஷன் பண்ணுவாங்க. பொண்ணோட இடம் போயிடும், அவ்வளவுதான். முழுக்க முழுக்க உங்க சுதந்திரம். அதனாலதான் பேனாவை உங்ககிட்டயே கொடுக்கிறோம்.”

“அம்மா, கையெழுத்துப் போடுங்க,” என்றாள் மகள். “குடல் செத்துக்கிட்டு இருக்கு. நேரம் இல்லம்மா.”

“வேணாம் பாப்பா,” என்றார் கட்டிலில் இருந்த அண்ணன். உதடு காய்ந்திருந்தது. “வலிக்கு மட்டும் ஒரு ஊசி போடச் சொல்லு. வேற ஒண்ணும் வேணாம்.”

“மாமா, நீங்க பேசாதீங்க. அம்மா, போடுங்க.”

“இரு,” என்றாள் கண்டக்டரம்மா. “யோசிக்கிறேன்.”

ஒரு நாளைக்கு ஆயிரம் பேருக்குச் சில்லறை கொடுத்துச் சீட்டுக் கிழித்து, யோசிக்காமலே எல்லாம் செய்து பழகியவள் அவள். அன்று யோசித்தாள். அண்ணன் சாகட்டும் என்று அவள் நினைக்கவில்லை. சத்தியமாக நினைக்கவில்லை. அண்ணனும் வேண்டும், வெள்ளைக் கோட்டும் வேண்டும் என்று நினைத்தாள். இரண்டும் கிடைக்க எங்காவது ஒரு சந்து இருக்கும், கேட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நினைத்தாள்.

“சார், சின்னதா வெட்டினா போதும்னு சொல்றாங்களே. சின்னத் தழும்புதானே இருக்கும்?”

“நல்ல கேள்வி,” என்றார் துறைத்தலைவர். தழும்பின் அளவு குறித்து விதியில் என்ன இருக்கிறது, ஏன் அப்படி இருக்கிறது, முன்பு எப்படி இருந்தது என்று பொறுமையாக விளக்கினார்.

“இவருக்குப் பதிலா என் பேரைப் பதிஞ்சுக்கலாமா சார்?”

“அதுவும் நல்ல கேள்வி.” புதுப் பதிவுக்கான காலம் முடிந்துவிட்டதையும், அடுத்த காலம் எப்போது தொடங்கும் என்பதையும் சொன்னார்.

“அடுத்த வருஷத்துக்கு இடத்தைத் தள்ளி வைக்க முடியுமா?”

அதற்கும் பதில் இருந்தது. எதற்கும் அவர் எரிந்து விழவில்லை. ஒரு கேள்வியையும் பாதியில் வெட்டவில்லை. அந்தக் கட்டடத்தில் கண்டக்டரம்மாவிடம் இவ்வளவு மரியாதையாக யாரும் பேசியதே கிடையாது. மகள் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். இளம் டாக்டர் கதவருகே வந்து எட்டிப் பார்த்தார். பிறகு சாப்பிடப் போனார்.

கண்டக்டரம்மா கடைசியில் கையெழுத்துப் போட்டாள். இதை யாரும் மறக்கக் கூடாது. போட்டாள். பேனாவை மூடிக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோது, மகள் கட்டிலருகே தரையில் உட்கார்ந்திருந்தாள். அண்ணனின் கை பட்டையோடு கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. வலி ஊசி போட்டிருந்ததால் அவர் சத்தம் போடவில்லை என்று செவிலி சொன்னாள்.

துறைத்தலைவர் தாளை எடுத்து, அவளுடைய கையெழுத்தைக் கண்ணாடியை உயர்த்திப் படித்தார். “சரியாத்தான் போட்டிருக்கீங்க. ஆனா உயிரோட இருக்கிறவருக்குத்தான் விலகல் செல்லும். அதனால உங்க பொண்ணோட இடத்துக்கு ஒரு ஆபத்தும் இல்லை. கத்தியும் படலை.” தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “என் அனுதாபங்கள். என் வாழ்த்துகள்.”

அறுத்துப் படிக்கும் முதல் வகுப்பைக் கல்லூரி ஒரு விழாவாகவே நடத்தியது. கொடைக் குடும்பங்களுக்கு முன்வரிசையில் நாற்காலி. ஆளுக்கொரு துண்டு போர்த்தினார்கள். இரும்புக்கடைக்காரர் கண்டக்டரம்மாவுக்குத் தன் பக்கத்தில் இடம் பிடித்து வைத்திருந்தார். எதிரே எஃகு மேஜைகளில் வெள்ளைத் துணி மூடிய உருவங்கள். எது அண்ணன் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அகலமான தோள் துணிக்குள்ளும் தெரிந்தது.

மகள் வீட்டில் அம்மாவோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். கோபமாகக்கூட இல்லை. கேட்டதற்கு ஆம், இல்லை என்பாள். கல்லூரியை விட்டுவிடுவாள் என்று கண்டக்டரம்மா பயந்துகொண்டிருந்தாள். அவள் விடவில்லை. “மாமாவை அங்க தனியா விட்டுட்டு வரச் சொல்றீங்களா?” என்று ஒருமுறை கேட்டாள். அதுதான் அவள் பேசிய நீளமான வாக்கியம்.

துறைத்தலைவர் எழுந்து பேசினார். “எத்தனையோ குடும்பங்கள் கொடை தர்றேன்னு சொல்லுவாங்க. கடைசி நேரத்துல பாசம் வந்துடும், பதற்றம் வந்துடும், அவசரப்பட்டுக் காரியத்தைக் கெடுத்துடுவாங்க. இங்க உக்காந்திருக்கிற ஒரு அம்மா அந்த நேரத்துல அவசரப்படவே இல்லை. நிதானமா கேள்வி கேட்டாங்க. நானும் நிதானமா பதில் சொன்னேன். நிர்வாகமும் பொதுமக்களும் இப்படிக் கைகோத்தா எந்தக் கல்லூரிதான் வளராது?”

எல்லாரும் திரும்பிக் கண்டக்டரம்மாவைப் பார்த்துக் கைதட்டினார்கள். இரும்புக்கடைக்காரர் அவள் முழங்கையைத் தட்டிக் கொடுத்தார். அவளுக்குத் துண்டு கழுத்தில் இறுகியது. எடுத்துப் போடத் தோன்றவில்லை.

கொடைக் குடும்பத்து மாணவரே முதல் கீறலைப் போடுவது கல்லூரியின் மரபாம். சிவப்புக் கோட்டு மாணவியை முன்னால் அழைத்தார்கள். துணியை விலக்கினார்கள். துறைத்தலைவர் அவளிடம் தேர்வுக்குக் கேட்பது போலக் கேட்டார்.

“மரணத்துக்குக் காரணம்?”

“எல்லாரும் பேசிக்கிட்டு இருந்தோம் சார்,” என்றாள் மகள்.

“பேசறது ஒரு நோய் இல்லையேம்மா.” முன்வரிசை மரபு வழிப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவரும் பெரிய மனதோடு சிரித்தார். “பரவாயில்லை. இந்தா கத்தி. இப்ப அனுமதி இருக்கு, எங்க வேணாலும் வெட்டலாம்.”

மகள் கத்தியை மார்பில் வைக்கவில்லை. எல்லாரும் அங்கேதான் தொடங்குவார்கள். அவள் அடிவயிற்றுக்குப் போனாள். விரலால் இடம் பார்த்தாள். அந்த இடத்தில், சின்னதாக, நேராக ஒரு கீறல் போட்டாள். உள்ளே விரலைவிட்டு, இறுகிக் கிடந்ததை மெல்ல மெல்ல விடுவித்து உள்ளே தள்ளினாள். பிறகு கையை நீட்டினாள்.

“ஊசியும் நூலும் கொடுங்க சார்.”

“எதுக்கு?”

“தைக்கணும்.”

துறைத்தலைவர் முதல்முறையாகப் பொறுமை இழந்தார். “இங்க தைக்கிறதெல்லாம் கிடையாதும்மா. வெட்டறது மட்டும்தான். தள்ளு, அடுத்தவங்க வரட்டும்.”

மகள் விலகவில்லை. கீறலின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டு அங்கேயே நின்றாள். உதவியாளர்கள் இரண்டு பேர் மேஜையை நோக்கி வந்தார்கள். அவள் தலையைத் திருப்பி முன்வரிசையைப் பார்த்தாள். மாமா போனதிலிருந்து வீட்டில் ஒருமுறைகூட அம்மாவின் முகத்தைப் பார்க்காதவள், இப்போது நேராக அவளைப் பார்த்தாள்.

எழுந்து போய் மகளின் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று கண்டக்டரம்மாவுக்குத் தோன்றியது. போனால் மகளின் இடத்துக்கு ஏதாவது ஆகுமோ, ஆகாதோ என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.